அம்மாவின் மோதிரத்துக் கல் பச்சையானதால் அது போலியாகிவிடாது

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். அம்மா 14 வருஷமாக விரலில் போட்டிருந்த மோதிரம், வாங்கும்போது வான நீலத்தில் இருந்த டர்க்காய்ஸ் கல், இப்போது மங்கிய பச்சையாக இருக்கிறது. சுத்தம் செய்யக் கொடுத்த இடத்தில் ஒருவர், "உண்மையான கல் நிறம் மாறாது, இது போலி" என்று சொல்லிவிட்டார். ஒரு கல் எப்படி நிறம் மாறும், இந்தக் கல் எப்படி உருவாகிறது, மறுபடி நீலமாக்க முடியுமா என்று மூன்று கேள்விகள் போட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்த மூன்றுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: அம்மா ஏமாந்துவிட்டார்களா?

அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். நிறம் மாறியதை மட்டும் வைத்து அப்படிச் சொல்லவே முடியாது. சொல்லப்போனால், எதுவும் ஏற்றாத அசல் டர்க்காய்ஸ்தான் இப்படி மாறும். நுண்துளைகளை அடைக்கப் பிசின் ஊட்டிய கல்லும் பிளாஸ்டிக்கும் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். நான் 23 வருஷமாகக் கற்களைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். நிறம் மாறியதால் போலி என்று ஒதுக்கப்பட்டு என் மேசைக்கு வந்த டர்க்காய்ஸ்களில் அசல் கற்கள் நிறையவே இருந்திருக்கின்றன. அதற்காக உங்கள் கல்லும் அசல்தான் என்று படத்தைப் பார்த்து அடித்துச் சொல்ல மாட்டேன். கையில் வாங்கிப் பார்க்காமல் அதைச் சொல்லக்கூடாது. எப்படிப் பார்க்க வேண்டும் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

கல் எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்கினால்தான் மீதி புரியும். வைரத்துக்கு ஆழமும் அழுத்தமும் வேண்டும். மாணிக்கத்துக்குப் பாறை வெந்து உருமாறும் சூடு வேண்டும். டர்க்காய்ஸுக்கு இரண்டும் வேண்டாம், அதற்கு வேண்டியது தண்ணீர். செம்புத் தாது உள்ள ஒரு பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சால்கோபைரைட், பைரைட் போன்ற கந்தகம் சேர்ந்த கனிமங்கள் இருக்கும். மேலிருந்து இறங்கும் மழைத்தண்ணீரும் காற்றும் பட்டதும் அவை சிதையும், கந்தக அமிலம் உண்டாகும், தண்ணீர் புளித்துப்போகும். அந்தப் புளித்த தண்ணீர் செம்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு கீழே போகிறது. போகிற வழியில் ஃபெல்ட்ஸ்பார் என்ற பாறைக் கனிமத்தை அரித்து அலுமினியத்தை எடுக்கிறது. அபடைட் என்ற கனிமம் இருந்தால் அதிலிருந்து பாஸ்பேட்டை எடுக்கிறது. இந்த மூன்றும் ஒரே தண்ணீரில் கூடி, ஏதோ ஒரு விரிசலிலோ பொந்திலோ தங்கி, நிலைமை மாறும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் படிகிறதே, அந்தப் படிவுதான் டர்க்காய்ஸ்.

மூன்று பொருளும் மூன்று வெவ்வேறு இடத்திலிருந்து வந்து ஒரே விரிசலில் சந்திக்க வேண்டும் என்பதால்தான் செம்புச் சுரங்கம் எத்தனையோ இருந்தும் நகைக்கு ஆகிற டர்க்காய்ஸ் சில இடங்களில் மட்டும் கிடைக்கிறது. அந்த இடங்களும் பெரும்பாலும் வறண்ட பூமி. தண்ணீர் வர வேண்டும், ஆனால் பெருக்கெடுத்து வரக்கூடாது. அளவுக்கு மீறி மழை பெய்தால் கரைந்த செம்பை அடித்துக்கொண்டு போய்விடும். கிடைக்கிற ஆழமும் குறைவு, பெரும்பாலும் 20 மீட்டருக்குள்ளேயே. நிலத்தடி நீர் ஆழமாகப் போகிற இடங்களில், விரிசலும் ஆழமாக ஓடினால், கல்லும் கூடவே இறங்கும். கீழிருந்து ஏறி வந்த வெந்நீர்க் கரைசலுக்கும் பங்கு உண்டு என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள், அந்த வாதம் முழுசாக ஓயவில்லை. ஆனால் மேற்பரப்புக்குப் பக்கத்திலேயே கிடைப்பதையும், களிமண்ணாகிப்போன ஃபெல்ட்ஸ்பாரும் லிமோனைட் என்ற இரும்புத் துருவும் கூடவே இருப்பதையும் பார்த்தால், மேலிருந்து இறங்கிய தண்ணீரின் வேலை என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சில கற்களில் ஓடும் பழுப்பு நரம்புகள் அந்த லிமோனைட்தான், கல் படிந்த பாறையின் மிச்சம்.

இப்படிப் படிந்த பொருள் பெரிய படிகமாக வளர்வது மிகவும் அபூர்வம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் லிஞ்ச் ஸ்டேஷன் என்ற இடத்தில் கண்ணுக்குத் தெரியும் சின்னஞ்சிறு படிகங்கள் கிடைத்தன, அவற்றைக் கனிமம் சேகரிப்பவர்கள் பொக்கிஷமாக வைத்திருக்கிறார்கள். மற்றபடி நகையில் நாம் பார்க்கும் டர்க்காய்ஸ் எல்லாம், நுண்ணோக்கிக்கும் எளிதில் பிடிபடாத கோடிக்கணக்கான பொடிப் படிகங்கள் ஒன்றோடொன்று நெருங்கிக் கிடக்கும் கூட்டம். நெருக்கம் எவ்வளவு என்பதில்தான் தரமே இருக்கிறது. நன்றாக நெருங்கியிருந்தால் கல் கெட்டியாக, மெழுகு பூசியது போன்ற பளபளப்போடு நிற்கும். கடினத்தன்மை மோஸ் அளவில் 6 வரை போகும், அடர்த்தி தண்ணீரைப் போல 2.6 முதல் 2.9 மடங்கு வரை இருக்கும். நெருக்கம் குறைந்தால் இடையிடையே நுண்துளைகள். ரொம்பக் குறைந்தால் கல் சுண்ணாம்புக்கட்டி மாதிரி ஆகிவிடும், நாக்கு நுனியில் வைத்தால் லேசாக ஒட்டும், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் இழுத்துக்கொள்ளும். வைரமோ மாணிக்கமோ தண்ணீரைக் குடிக்காது. டர்க்காய்ஸ் குடிக்கும். உங்கள் மோதிரத்துக் கதை முழுக்க இந்த ஒரு குணத்தில் அடங்கியிருக்கிறது.

இப்போது நிறத்துக்கு வருகிறேன். இந்தக் கனிமத்தின் கட்டமைப்பில் ஒரு செம்பு அணுவுக்கு ஆறு அலுமினிய அணு, நான்கு பாஸ்பேட், எட்டு ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி), நான்கு நீர் மூலக்கூறு என்ற கணக்கு. ஹைட்ராக்சிலில் இருப்பதையும் சேர்த்துத் தண்ணீராகக் கணக்கிட்டால் கல்லின் எடையில் ஏறக்குறைய 17.7 சதவீதம் தண்ணீர்! செம்பு ஆக்சைடாகக் கணக்கிட்டால் செம்பின் பங்கு 10 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. நீலம் முழுக்க அந்தச் செம்பினால் வருகிறது. அது வெள்ளை ஒளியில் சிவப்பும் ஆரஞ்சும் உள்ள பகுதியை விழுங்கிவிடுகிறது, மிச்சம் நீலமாகக் கண்ணுக்கு வருகிறது. மாணிக்கத்தில் சிவப்பைத் தரும் குரோமியம் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட விருந்தாளி, அது இல்லாவிட்டாலும் அந்தக் கனிமம் கனிமம்தான். டர்க்காய்ஸில் செம்பு வீட்டு ஆள். செம்பு இருக்க வேண்டிய இடம் பாதிக்கு மேல் காலியாக இருந்தால் அதற்குப் பிளானரைட் என்று தனிப்பெயரே உண்டு, பார்க்க வெளிறிப்போய் இருக்கும். துத்தநாகம் அந்த இடத்தில் உட்கார்ந்தால் ஃபாஸ்டைட், அது பச்சை. அலுமினியத்தின் இடத்தில் இரும்பு ஏற ஏறவும் கல் பச்சையாகிக்கொண்டே போகும், முழுக்க இரும்பானால் சால்கோசிடெரைட் என்ற வேறொரு கனிமம். இந்தக் குடும்பத்தில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே சுவர் கிடையாது. ஒரே சுரங்கத்தில், ஒரே கட்டியில்கூட, ஒரு முனை நீலமும் மறுமுனை பச்சையுமாகக் கிடைப்பது இதனால்தான்.

ஆக, பச்சை டர்க்காய்ஸ் என்பது பிறவியிலேயே இருக்கிறது. ஆனால் உங்கள் அம்மாவின் கல்லுக்கு இந்த இரும்புக் காரணம் பொருந்தாது. கல்லுக்குள் இருக்கும் அணுக்கள் விரலில் இருக்கும்போது இடம் மாறி உட்காராது. பிறகு வந்த பச்சை வெளியிலிருந்து வந்தது.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் "கல் தண்ணீரை இழந்து பச்சையாகிவிடுகிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. கட்டமைப்புக்குள் பிணைந்திருக்கும் தண்ணீர் சாதாரண அறைச் சூட்டில் வெளியே வராது, அதற்கு அடுப்புச் சூடு வேண்டும். அந்த அளவு சூடு காட்டினால் கல் பழுப்பாகி, பொரிந்து, உதிர்ந்தே போகும். அன்றாடத்தில் காய்வது துளைகளுக்குள் தங்கியிருக்கும் ஈரம். ஈரமணலையும் காய்ந்த மணலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஈரமானது அழுத்தமான நிறம், காய்ந்தது வெளிறல். துளைக்குள் தண்ணீர் இருந்த இடத்தில் காற்று நுழைந்ததும் வெளிச்சம் அங்கங்கே சிதறுகிறது, நிறம் வெளுக்கிறது. டர்க்காய்ஸிலும் அதே விஷயம்தான். எனவே காய்ந்தால் முதலில் நடப்பது வெளிறுவது. பச்சைக்கு இன்னொரு ஆள் தேவை, அது எண்ணெய். தோலில் சுரக்கும் எண்ணெய், வியர்வை, கைக்குப் பூசும் களிம்பு, வாசனைத் திரவியம், சோப்பு எல்லாம் துளைக்குள் இறங்குகின்றன. நாளாக ஆக அந்த எண்ணெய் மஞ்சளிக்கிறது. நீலத்துக்குள் மஞ்சள் இறங்கினால் பச்சை. இத்தனை வருஷத்தில் நான் பார்த்த பச்சையாகிப்போன மோதிரங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். காதணியில் இருக்கும் கல்லைவிட மோதிரத்துக் கல் சீக்கிரம் மாறுவதும் இதற்கு ஒத்துப்போகிறது.

ஒரு மோதிரம் நன்றாக நினைவிருக்கிறது. பின்பக்கம் தகடு வைத்து மூடிய கட்டு, மேலே பாசி படிந்த மாதிரி ஒரு பச்சை. கொண்டுவந்தவர் ஏறக்குறைய தூக்கிப் போடுகிற முடிவில் இருந்தார். விளிம்பை மெல்ல நிமிர்த்திக் கல்லை வெளியே எடுத்து, ஒட்டியிருந்த பழைய அரக்கைச் சுரண்டிவிட்டுத் திருப்பி வைத்தேன். அடிப்பக்கம் அப்படியே நீலம், சாயந்திரம் ஆவதற்கு முன் தெரிகிற வானம் மாதிரி. பக்கவாட்டில் பத்து மடங்கு லூப்பை, அதாவது நகைக்காரர்களின் சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால், விளிம்புத் தகடு கவ்வியிருந்த இடம் வரை பச்சை, அதற்குக் கீழே பென்சிலால் கோடு போட்டதுபோல நீலம் தொடங்குகிறது. ஒரு ஓரத்தில் ஏற்கெனவே சின்னதாகச் சில்லு போயிருந்தது. அந்த உடைவில் பார்த்தால் பச்சையின் தடிமன் நகத்தின் கனம்கூட இல்லை. சாயம் ஏற்றிய கல்லாக இருந்தால் இது தலைகீழாக இருந்திருக்கும், மேலே மட்டும் நிறமும் உள்ளே வெள்ளையும்.

கல் காய்ந்தால் நிறம் போகும் என்பது நேற்றுத் தெரிந்த விஷயம் இல்லை. சினாய் தீபகற்பத்தில் செராபித் எல்-காதிம் என்ற இடத்தில் எகிப்தியர்கள் டர்க்காய்ஸ் வெட்டினார்கள், ஹாத்தோர் தேவியை இந்தக் கல்லுக்கே உரியவளாக வைத்து அங்கே கோயிலும் எழுப்பினார்கள். மூன்றாம் அமெனெம்ஹத் என்ற எகிப்திய மன்னர் காலத்தில், அதாவது சுமார் 3800 வருஷங்களுக்கு முன், ஹர்வெர்ரே என்ற அதிகாரி சுரங்கத்துக்கு வந்த கதையைக் கல்வெட்டாகப் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் வந்து சேர்ந்தது கடுங்கோடையில், வரக்கூடாத பருவம். மலையில் கல் என்றைக்கும் இருக்கிறது, ஆனால் இந்தப் பருவத்தில் நிறம்தான் கிடைக்காது என்று அங்கிருந்த அனுபவசாலிகள் அவரிடம் சொன்னதாக அதில் வருகிறது. வேதியியல் தெரியாது, துளை தெரியாது, ஆனால் கோடை வெயிலில் வெட்டி எடுத்த கல் வெளிறிப்போகும் என்பது வெட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது. (அவர் மனம் தளராமல் தொடர்ந்து, கடைசியில் நிறையக் கல்லோடு திரும்பினார் என்றும் அதே கல்வெட்டு சொல்கிறது. எனக்கு இந்தக் கனிமத்தின் மேல் பிடிப்பு வந்ததற்கு அந்தக் கல்வெட்டும் ஒரு காரணம்.)

அப்போதே இதற்குப் போலியும் இருந்தது. எகிப்தியர்கள் குவார்ட்ஸ் பொடியைப் பிசைந்து உருட்டி, செம்புச் சத்து சேர்த்துச் சுட்டு, நீலப்பச்சை மெருகேறிய மணிகள் செய்தார்கள். ஃபையான்ஸ் என்று இன்று சொல்கிறோம். 1922இல் கண்டுபிடிக்கப்பட்ட துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த பொன் முகமூடியில் டர்க்காய்ஸும் ஃபையான்ஸும் வண்ணக் கண்ணாடியும் ஒன்றாகவே பதிக்கப்பட்டிருக்கின்றன.

நீலத்துக்குப் பெயர்போனது ஈரானின் நிஷாபூர். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக அங்கே வெட்டுகிறார்கள். இந்தக் கல்லுக்கு அங்கே வழங்கும் ஃபிரோசா என்ற பெயரே பாரசீகத்தில் வெற்றியைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. டர்க்காய்ஸ் என்ற பெயர் பிரெஞ்சில் 'துருக்கியது' என்ற பொருளில் வந்தது. துருக்கியில் விளைந்ததால் இல்லை, அந்த வழியாக ஐரோப்பாவுக்குப் போனதால். அமெரிக்காவில் அரிசோனாவின் ஸ்லீப்பிங் பியூட்டி சுரங்கம் நரம்பே இல்லாத ஒரே சீரான நீலத்துக்குப் பெயர் எடுத்தது, 2012இல் அங்கே டர்க்காய்ஸ் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். நெவாடா, சீனாவின் ஹூபெய் பகுதிகளிலிருந்து பச்சை சாய்ந்ததும் நரம்பு பின்னியதும் நிறைய வருகின்றன. நீலம்தான் உயர்ந்தது, பச்சை மட்டம் என்பது ஒரு ரசனை, அவ்வளவுதான். திபெத்தில் பச்சை சாய்ந்த கல்லை விரும்பித் தலைமுறை தலைமுறையாக அணிகிறார்கள்.

சரி, உங்கள் மோதிரத்தை எப்படிப் பார்ப்பது? முதலில் வெறும் கண்ணால், பகல் வெளிச்சத்தில். பச்சை எங்கே அதிகம் என்று கவனியுங்கள். விரலைத் தொட்டும் உரசியும் இருக்கும் பகுதியில் அதிகமாகவும், விளிம்புக்குள் ஒளிந்த பகுதியில் குறைவாகவும் இருந்தால் எண்ணெய்க் கதை. விளிம்பை ஒட்டி மட்டும் ஒரு வளையமாகப் பச்சை இருந்தால் மோதிரத்தின் உலோகத்தைச் சந்தேகியுங்கள். செம்பு கலந்த வெள்ளியிலும் தங்கத்திலும் வியர்வை பட்டுச் செம்பின் பச்சைத் துரு ஏறும், அந்தத் துரு கல்லுக்குள்ளும் கசியும். அப்புறம் லூப்பை வைத்து நரம்புகளைப் பாருங்கள். இயற்கையான நரம்பு கல்லின் மட்டத்திலிருந்து கொஞ்சம் பள்ளமாகவோ மேடாகவோ இருக்கும், நகத்தை ஓட்டினால் சில சமயம் தட்டுப்படும். வெள்ளைக் கல்லுக்குச் சாயம் ஏற்றியிருந்தால் நிறம் விரிசல்களில் தேங்கி அங்கே மட்டும் அடர்த்தியாக நிற்கும்.

அப்படிச் சாயம் ஏற்றப்படும் வெள்ளைக் கற்கள் முக்கியமாக இரண்டு, ஹவ்லைட், மேக்னசைட். சிலந்திவலை மாதிரி சாம்பல் நரம்பு இயல்பாகவே ஓடுவதால் ஹவ்லைட் அச்சாக டர்க்காய்ஸ் போலவே ஏமாற்றும். ஆனால் இரண்டுமே மென்மையானவை, ஹவ்லைட்டின் கடினத்தன்மை 3.5 அளவில்தான். இன்னொரு வகை, டர்க்காய்ஸ் பொடியையோ வேறு ஏதாவது பொடியையோ பிளாஸ்டிக் பிசினில் குழைத்துக் கட்டியாக்கி வெட்டுவது. பிரான்சில் பியேர் கில்சன் 1972இல் கொண்டுவந்த ஆய்வகப் பொருளும் உண்டு. அதை நுண்ணோக்கியில் ஐம்பது மடங்கில் பார்த்தால் வெளிர் பின்னணியில் நீலப் பொடிகள் தூவியது போலத் தெரியும். இவற்றை எல்லாம் ஆய்வகத்தில் பிரித்துவிட முடியும். ஒளிவிலகல் எண் சுமார் 1.61 காட்டுகிறதா, நிறமாலையில் ஊதா முனையில் 432 நானோமீட்டர் பக்கம் ஒரு கோடு தெரிகிறதா, அகச்சிவப்பு நிறமாலையில் பிசினுக்கு உரிய அடையாளம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கல்லுக்குக் கெடுதல் வராது.

வீட்டில் செய்கிற சோதனைகள் விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன், கவனமாக இருங்கள். சூடான ஊசியைக் குத்திப் பார்ப்பது, அமிலம் விட்டுப் பார்ப்பது, கத்தியால் கீறுவது எல்லாம் காணொளிகளில் வருகின்றன. ஊசி பிளாஸ்டிக்கை உருக்கிக் காட்டும் என்பது உண்மைதான், ஆனால் அசல் கல்லிலும் நிரந்தரமாக ஒரு கருப்புப் புள்ளியை விட்டுவிடும். அசிட்டோனைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் மலிவான சாயம் பஞ்சில் ஏறும், ஆனால் அசல் கல்லின் மெழுகுப் பூச்சையும் அது எடுத்துவிடும். அம்மாவின் மோதிரத்தில் இதில் எதையும் செய்யாதீர்கள்.

போலிக்கும் அசலுக்கும் நடுவில் ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது, அதுதான் குழப்பமே. அசல் டர்க்காய்ஸ்தான், ஆனால் துளைகளை அடைக்க ஏதாவது ஊட்டியிருப்பார்கள். மெழுகும் எண்ணெயும் ரொம்பப் பழைய வழக்கம். பிசின் ஊட்டுவது இன்று மிகப் பரவலானது, உதிர்ந்துபோகும் சுண்ணாம்புக்கட்டி மாதிரிக் கல்லைக்கூட அது நகைக்கு ஆக்கிவிடும். ஊட்டியதைச் சொல்லி விற்றால் அதில் தப்பே இல்லை, தினமும் போடுகிற மோதிரத்துக்கு நானே அதைத்தான் சொல்வேன். 1980களின் கடைசியில் ஜேம்ஸ் ஜாக்கரி என்ற மின்பொறியாளர் பிசினே இல்லாமல் துளைகளைக் குறைத்து நிறத்தை ஏற்றும் ஒரு முறையைக் கொண்டுவந்தார். அது லூப்புக்கோ நுண்ணோக்கிக்கோ பிடிபடாது, கல்லில் பொட்டாசியம் கூடியிருக்கிறதா என்று வேதியியல் பகுப்பாய்வு செய்துதான் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் கல் பச்சையாகியிருப்பதால் துளை திறந்திருக்கிறது, எனவே பிசின் ஊட்டியது இல்லை என்று ஊகிக்கலாம். ஊகம்தான், உறுதி இல்லை. மெழுகு ஊட்டியிருந்து, அந்த மெழுகே மஞ்சளித்திருக்கவும் கூடும்.

பேச்சு போலியைப் பற்றி வந்ததால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிரான்சின் தென்மேற்கில் இடைக்காலத் துறவிகள் டர்க்காய்ஸ் என்று நம்பிச் சமயப் பொருட்களில் பதித்த நீலக்கற்கள் உண்மையில் கல்லே இல்லை. மாஸ்டோடான் என்ற அழிந்துபோன யானை இன விலங்கின் புதையுண்ட தந்தத்தைச் சூடாக்கினால் அந்த நீலம் வரும், ஓடன்டோலைட் என்று பெயர். இரும்பு பாஸ்பேட்டினால்தான் நீலம் என்று ரொம்ப நாள் நம்பினார்கள். 2001இல் வெளியான ஆய்வு, தந்தத்துக்குள் மிகச் சிறிய அளவில் இருக்கும் மாங்கனீசு, சூட்டில் ஆக்சிஜனேற்றம் அடைந்து அந்த நிறத்தைத் தருகிறது என்று காட்டியது. செம்பே இல்லாமல் வந்த டர்க்காய்ஸ் நீலம்!

மறுபடி நீலமாகுமா என்ற கடைசிக் கேள்விக்கு நேராகச் சொல்கிறேன்: ஆகலாம், முழுசாக ஆகும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள். ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைப்பது, அம்மோனியாவில் தோய்ப்பது என்று பல கைவைத்தியம் சுற்றுகிறது. பெராக்சைடு மேல் எண்ணெயைக் கொஞ்சம் வெளுக்கும், ஆனால் திறந்த துளைக்குள் என்ன நடக்கிறது என்பது நம் கையில் இல்லை. அதில் போட்டு, புள்ளி புள்ளியாக வெளுத்து வந்த கற்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் தடவினால் உடனே நிறம் அழுத்தமாகும், ஈரமணல் மாதிரி. சில மாதத்தில் அதே எண்ணெய் மஞ்சளித்து இன்னும் பச்சையாக்கும். எனக்குச் சரியாகப் படுவது ஒரே வழி. கல்லைக் கட்டிலிருந்து வெளியே எடுத்து அடிப்பக்கத்தைப் பார்ப்பது, பச்சை மேல்தோலில் மட்டும் இருந்தால், டர்க்காய்ஸ் வெட்டிப் பழகியவரிடம் கொடுத்து, தண்ணீர் ஓடவிட்டு, சூடு ஏறாமல், மேலே ஒரு மெல்லிய படலத்தை மட்டும் தேய்த்து எடுத்து மறுபடி மெருகேற்றச் சொல்வது. கல் கொஞ்சம் சின்னதாகும், கட்டையும் அதற்குத் தக்கபடி நெருக்க வேண்டியிருக்கும். பச்சை ஆழமாக இறங்கியிருந்தால் தேய்க்க வேண்டாம், தேய்க்கத் தேய்க்கக் கல் போகுமே தவிர நீலம் வராது.

இதில் ஒரு எச்சரிக்கை. மோதிரத்தில் வேறு எந்த வேலை செய்தாலும், அளவைக் கூட்டிக் குறைத்தாலும்கூட, கல்லைக் கழற்றிவிட்டுத்தான் பொடி வைத்து ஊத, அதாவது தீயால் பற்றவைக்க வேண்டும். கல் இருக்கும்போதே தீயைக் காட்டினால் நிமிஷத்தில் பழுப்பாகிவிடும், அதற்குப் பிறகு மருந்தே கிடையாது. மீயொலி அதிர்வால் அழுக்கெடுக்கும் தொட்டியிலும் ஆவியிலும் சுத்தம் செய்யக்கூடாது. ஈரத்துணியால் ஒரு துடை, உடனே காய்ந்த துணியால் ஒரு துடை, அது போதும். வாசனைத் திரவியம், கைக்களிம்பு எல்லாம் பூசி அவை காய்ந்த பிறகு மோதிரத்தைப் போடச் சொல்லுங்கள், பாத்திரம் கழுவும்போது கழற்றி வைக்கச் சொல்லுங்கள். வெயில் அடிக்கும் சன்னலோரம் வைக்க வேண்டாம், சினாய்க் கற்கள் வெளிச்சத்தில் வெளிறுவதற்கே பெயர் எடுத்தவை.

அந்த ஒருவர் சொன்னதை அம்மாவிடம் இதுவரை சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இன்னும் சொல்லாதீர்கள். முதலில் கல்லை எடுத்து அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்லி, அந்த அடிப்பக்கத்தையும் பக்கவாட்டையும் பகல் வெளிச்சத்தில், மேலே விளக்கு எதுவும் எரியாமல், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள். தாள் இருந்தால்தான் நிறத்தைச் சரியாக மட்டுக்கட்ட முடியும். பார்த்துவிட்டு, தேய்க்கலாமா, அப்படியே விடலாமா, ஆய்வகத்துக்கு அனுப்பலாமா என்று என் கருத்தைச் சொல்கிறேன்.